இடைத்தரகர் வேண்டாம், இணைப்பாளர் வேண்டும்

இடைத்தரகரை ஒழிப்பதற்கென்றே தோன்றியது கூட்டுறவு இயக்கம். நூல் வாங்குமிடத்திலும் துணி விற்குமிடத்திலும், கடன் பெறுமிடத்திலும் விளைச்சலைக் கொடுக்குமிடத்திலும் நடுவே நின்று இருபுறமும் ஆதாயம் கண்டோரிடமிருந்து விடுபடவே நம் முன்னோர் சங்கங்களை அமைத்தனர். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள் தொட்டு இந்நோக்கமே நம் இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்து வருகிறது. அத்தகைய இயக்கத்தின் ஏட்டில், அரசாங்கத்திற்கும் நமக்கும் நடுவே ஒருவர் நிற்க வேண்டும் என்று நாம் எழுதப் புகுவது அங்கத்தினர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் காலத்தின் தேவையை ஆராய்ந்து பார்த்தே இதனைக் கூறத் துணிந்தோம்.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் ஒன்றை அமைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் பக்கம் நோக்கினால், 2016-இல் தொடங்கப்பெற்ற அரசாங்க மின்சந்தையில் நம் துணிகளை இலாகாக்களுக்கு நேரே விற்க வழி பிறந்துள்ளது. இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. திருத்தி எழுத இடமில்லாத கணக்கும், தரகு கொடாமல் விற்கும் சந்தையும் வேண்டாம் என்று சொல்வார் நம்மில் எவர்?

நிற்க. மென்பொருளை ஆக்குவோர் கணினியை அறிவர். நம் பேரேட்டின் பழக்கங்களை அறியார். சங்கத்தின் செயலாளர் பேரேட்டை அறிவார். கணினியின் உள்ளமைப்பை அறியார். ஓர் அங்கத்தினர் காலமாகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய பங்குத் தொகை வாரிசுக்குச் சேர வேண்டும். அவர் பெயரில் பயிர்க்கடன் பாக்கி ஒன்றும் நகைக்கடன் ஒன்றும் உள்ளன. உரம் வாங்கிய வகையிலும் ஒரு சிறு தொகை நிற்கிறது. பழைய பேரேட்டில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி, கமிட்டித் தீர்மானத்தின்படி இதனை முடித்திருப்பார்கள். கணினித் திரையில் ஓரம் என்பதே கிடையாது. "இதற்குக் கட்டம் இல்லை" என்பார் செயலாளர். "இப்படி ஒரு கட்டம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லையே" என்பார் மென்பொருள் வல்லுநர். இருவர் கூற்றும் உண்மையே. அடகு வைத்த தாலிச் சங்கிலியை மீட்க வந்த விதவை மட்டும் வெறுங்கையுடன் வீடு திரும்புவாள்.

நெசவாளரின் நிலையும் இதுவே. மின்சந்தையில் பொருளின் விவரங்களை முன்பே வகுத்த கட்டங்களில் நிரப்ப வேண்டும். நூலின் நம்பரும், பாவின் நெருக்கமும், சாயத்தின் தன்மையும் துணிக்குத் துணி வேறுபடுவதைத் தறியில் அமர்ந்தவன் அறிவான். கட்டத்தை வகுத்தவருக்கு அதனை எடுத்துச் சொல்வார் யார்?

இந்த இடைவெளியை நிரப்புதற்கென்றே சில நாடுகளில் ஒரு தனி உத்தியோகம் ஏற்பட்டுள்ளது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2011-இல் 'அரசாங்க டிஜிட்டல் சேவை' என்னும் அமைப்பை நிறுவியது. பின்னர், கணினித் துறையில் எவ்வெப் பதவிகள் தேவை, ஒவ்வொன்றுக்கும் எத்திறமை எவ்வளவு வேண்டும் என்பதை வகுத்துரைக்கும் ஏடு ஒன்றையும் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 'அலுவல் தொடர்பு மேலாளர்' என்னும் பதவி. இலாகாவின் தேவையை அறிந்து தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லுதலும், தொழில்நுட்பப் பிரிவால் இயல்வதையும் இயலாததையும் இலாகாவுக்கு விளக்குதலும், கிடைக்கும் சேவை தேவைக்குப் பொருந்துகிறதா என்று கவனித்தலும் அவர் கடமை.

இப்பதவி நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் வேலை புதிதன்று. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளை நினைவு கூர்வோம். ஓவியர் மயிலை வரைகிறார். நெசவாளர் மயிலை நெய்கிறார். இருவருக்கும் நடுவே கிராப் தாளில் மயிலைக் கட்டம் கட்டமாக எழுதுபவர் ஒருவர் உண்டு. எந்தப் பாவிழை எழும்ப வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அவர் குறித்த பின்னரே ஜக்கார்டு அட்டையில் துளையிடுகின்றனர். இன்று கணினித் திரையில் அதே வேலையைச் செய்வோரும் உளர். அவருக்கு ஓவியரின் கண்ணும் வேண்டும். தறியில் எத்தனை கொக்கிகள் உண்டு என்னும் கணக்கும் வேண்டும். கழுத்தின் வளைவு இத்தனை இழையில் அடங்காது என்று ஓவியரிடம் அஞ்சாமல் சொல்ல வேண்டும். அவர் பிழை செய்தால் ஓவியமும் வீண், பட்டும் வீண். நாம் கேட்பது அரசாங்கத்துக்கும் அத்தகைய ஒருவரைத்தான்.

அவர் இல்லாத இடத்தில் விளையும் நஷ்டத்திற்கு இங்கிலாந்தே சான்று. அந்நாட்டு ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் பொதுவான கணினி ஏற்பாடு ஒன்றைச் செய்ய 2002-இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கினர். திட்டம் மேலிருந்து வகுக்கப்பட்டது; அதனைப் பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களையும் தாதியரையும் போதிய அளவு கலந்து கொள்ளவில்லை என்ற குறை தொடக்க முதலே எழுந்தது. ஆயிரம் கோடி பவுனுக்கு மேல் மதிப்பிடப்பட்ட அத்திட்டத்தைக் கலைப்பதாக 2011-இல் அறிவிக்க நேர்ந்தது. செல்வம் மிக்க நாடு அந்த நஷ்டத்தைத் தாங்கிற்று. ஒரு சிற்றூர்ச் சங்கம் தாங்குமா?

நம் நாட்டிலும் இதற்கொரு படிப்பினை உண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 55 இடங்களில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவகர் என்னும் ஊழியர் ஊர்களுக்கு வந்தார். விவசாய இலாகா, கால்நடை இலாகா, சுகாதார இலாகா யாவற்றுக்கும் குடியானவருக்கும் நடுவே அவர் பாலமாக இருப்பார் என்பது எண்ணம். நாளடைவில் மேலிடத்து இலக்குகளும் படிவங்களும் அவர் தோளில் ஏறின. மேலிருந்து கீழே செய்தி கொண்டு வரவே அவருக்குப் பொழுது சரியாயிற்று. கீழிருந்து மேலே கொண்டு செல்ல நேரமில்லை. ஒருவழிப் போக்குவரத்து மட்டுமே நடக்கும் பாலத்தால் பாதிப் பயனே விளையும்.

ஆகவே இப்பதவிக்கு வருவோரிடம் எத்திறமைகளை நாம் எதிர்பார்க்க வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுத்தல் அவசியம். முதலாவது, பொறுமையுடன் கேட்டல். கேட்கப்படுவது வேறு, தேவைப்படுவது வேறு என்பதைப் பகுத்தறியும் நுட்பம் கேட்பவருக்கே வாய்க்கும். "புதிய இயந்திரம் வேண்டும்" என்று சங்கம் கேட்கலாம். உண்மையில் வேண்டியது மாலை நேரத்தில் தடையற்ற மின்சாரமாக இருக்கலாம். இரண்டாவது, இருமொழி வன்மை. தமிழும் ஆங்கிலமும் என்று நாம் கூறவில்லை. பேரேட்டின் மொழியும் கணினியின் மொழியும் என்கிறோம். மூன்றாவது, கசப்பான உண்மையை இருபுறமும் கூறும் துணிவு. மேலதிகாரியிடம் "இது நடவாது" என்றும், நம்மிடம் "இதற்கு விதி இடந்தராது" என்றும் சொல்லத் தெரியாதவர் நயமாகப் பேசுவதால் பயனில்லை. நான்காவது, கொடுத்த வாக்கைத் தேதியிட்டு எழுதி வைத்து, நிறைவேறும் வரை தொடர்ந்து செல்லும் விடாமுயற்சி.

இடைத்தரகரும் இவ்வாறே இருபுறமும் பேசுகிறவர்தாமே என்று அங்கத்தினர் ஒருவர் வினவக்கூடும். வேறுபாடு இதுதான். வாங்குவோனும் விற்போனும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் வரைதான் தரகருக்குப் பிழைப்பு. இணைப்பாளரோ அந்த அறியாமையைக் குறைப்பதற்காகவே சம்பளம் பெறுபவர். ஓராண்டுக்குப் பின்னும் சங்கத்தின் செயலாளர் ஒவ்வொரு சிறு காரியத்திற்கும் அவரையே நாடி நின்றால், அவர் தம் கடமையில் தவறினார் என்பதே பொருள்.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. அலுவலர் பலர் இருக்க, மேலும் ஒருவர் எதற்கு; செலவு யார் தலையில் என்பர். இது நியாயமான கேள்வியே. புதிய நாற்காலி போட வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. மாவட்டத்தில் இப்போதுள்ள அலுவலருள் தக்கார் ஒருவருக்கு இப்பொறுப்பை முழுநேரமாக அளித்து, பயிற்சியும் தந்து, வேலை முடியுமுன் இடம் மாற்றாதிருந்தாலே பெரும்பயன் விளையும். எத்தனை சங்கங்களுக்குக் கணினி போயிற்று என்று எண்ணி அவர் வேலையை மதிப்பிடலாகாது. எத்தனை அங்கத்தினரின் குறை தீர்ந்தது என்பதே அளவுகோலாக வேண்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கமும் பேரேட்டையும் கணினியையும் கற்கத்தக்க ஒருவரைத் தன் ஊழியருள்ளிருந்தோ அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள்ளிருந்தோ தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும். பழைய பேரேட்டின் இருப்பும் கணினியின் இருப்பும் ஒத்துள்ளனவா என்று மகாசபைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பாஸ் புத்தகத்தை எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணினியில் இருப்பது தவறாயிராது என்னும் எண்ணம் அபாயமானது. நாம் கொடுத்ததையே அது திருப்பிக் கொடுக்கிறது.

கணக்கு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. அவற்றைப் புதிய ஏட்டில் எழுதும்போது நம் சொல்லைக் கேட்டு எழுதுவதற்கு ஒருவரைக் கேட்பது சலுகையாகாது, உரிமையேயாகும். அவ்வுரிமையை அடுத்த மகாசபையிலேயே தீர்மானமாக எழுதி அனுப்புவோமாக.