அடக்கச் செலவுக்கு ரசீது எங்கே?

துட்டி விழுந்த வீட்டில் யாருக்கும் பேரம் பேச வாய் வராது. கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியருகே போய் உட்கார்ந்துவிடுவார்கள். இது தெரிந்தும் அரசு பாராமுகமாக இருக்கிறது. இதைக் கண்டிக்கிறோம்.

மயானங்களை அமைத்துப் பராமரிப்பது ஊராட்சியின் கட்டாயக் கடமை என்று 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமமில்லாத இடத்தில் அடக்கம் கூடாது. குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது என்பவை 1999-இல் வந்த விதிகள். எங்கே புதைக்கலாம் என்பதை மீட்டர் கணக்கில் அளந்து சொன்ன அரசு, அதற்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை ஊரறியச் செய்வதில் அந்த அக்கறையைக் காட்டவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தின் தருவைகுளம் கரையில் மீன் ஏலம் போனால் விலை எல்லார் காதிலும் விழும். குழி வெட்டும் கூலியோ காதோடு காதாகச் சொல்லப்படுகிறது. கையில் ரசீது இல்லை. இதன் விளைவு சிறியதல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இலவசமாகத் தரப்படும் எதையும் 'சேவை' என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. காகிதத்தில் இலவசம், கையில் வசூல் என்றால், பணம் கொடுத்த குடும்பம் நுகர்வோர் ஆணையத்தின் படியேறி எதைக் காட்டும்? ஊராட்சியிடம் முறையிடலாம் என்றால், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தூத்துக்குடி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியது. நாடே தலைகுனிந்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றானது. அந்த வேகம் ஏழை வீட்டுச் சாவுக்கு ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் 1984 முதல் இறுதிச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே எழுதிய விலைப்பட்டியலைக் கேட்டவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆனால் கல்லறை நிலம் மட்டும் விற்போரை அந்த விதி தொடவில்லை. அந்த ஓட்டையோடு அதை நாம் இரவல் வாங்கத் தேவையில்லை. பிரிட்டன் 2021-இல் தகன நிலையங்களையும் சேர்த்தே கட்டணத்தை வெளியிட வைத்தது.

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கிறோம். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள், ஒவ்வொரு மயானத்தின் வாசலிலும் கட்டணத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். இலவசம் என்றால் இலவசம் என்றே எழுதுங்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். ஆலயத்துக் கல்லறைத் தோட்டமானாலும் ஜமாஅத்தின் கபர்ஸ்தானமானாலும் சமுதாய மயானமானாலும் விலக்கு வேண்டாம். உரிமம் தரும் கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அரசின் இலவச அமரர் ஊர்திக்கான 155377 என்ற எண்ணையும் அதே பலகையில் எழுதுங்கள். அந்த எண் தெரியாமலே வாடகை வண்டிக்குக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழி வெட்டுகிறவரைப் பிடித்து வழக்குப் போட்டுக் கணக்கை முடித்துவிடப் பார்க்காதீர்கள். மாதச் சம்பளம் இல்லாதவர் துக்க வீட்டில்தான் கூலி கேட்பார். அவருக்கு ஊராட்சி நிதியிலிருந்து முதலில் ஊதியம் கொடுங்கள். அதற்குப் பிறகும் யாராவது கைநீட்டினால் அப்போது நடவடிக்கை எடுங்கள்.