சித்தாள் கையில் கரணை

கனகம்மாசத்திரத்தில், திருப்பதி நெடுஞ்சாலையோர டீக்கடைதான் காலையில் எங்கள் ஆட்கள் கூடும் இடம். இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன்.

நிலை வைக்கும் நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாசக்காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்டு, நல்ல நேரம் பார்த்து நிறுத்துவார்கள். வீட்டுக்காரர் மேஸ்திரிக்குத் தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு பணம் கொடுப்பார். கலவை சுமந்த எங்களுக்குச் சில வீட்டில் ரவிக்கைத் துணி. பல வீட்டில் சாப்பாடு மட்டும். முறையை விடச் சொல்லவில்லை. அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் எங்களையும் கூப்பிடுங்கள் என்கிறேன்.

“பொம்பளை கரணை பிடிச்சா சுவர் நிக்காது” என்று நான் வந்த புதிதில் ஒரு மேஸ்திரி சொன்னார். நம்பிவிட்டேன். பிறகு, ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் (கரணையை அவர் ‘தாபி’ என்பார்) மதியச் சாப்பாடு முடிந்ததும் எனக்குத் தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். நான் கட்டிய குளியலறைச் சுவர் இன்றும் நிற்கிறது. கூலி மட்டும் சித்தாள் கூலி.

சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல். இரண்டும் வந்தும் எனக்குச் சித்தாள் கூலிதான். அதனால் கேட்கிறேன்: கொத்து வேலைப் பயிற்சி எங்கள் ஊர்ப் பக்கமே நடக்க வேண்டும். பயிற்சி நாளில் கூலி போகக் கூடாது. முடித்தவளின் வாரிய அட்டையில் ‘கொத்தனார்’ என்று எழுத வேண்டும்.

போன மாதம் என் மகளும் பாண்டு தூக்க வந்துவிட்டாள். என் கரணையை அவளிடம் கொடுத்திருக்கிறேன். பிடிதான் ஆடுகிறது, மாற்ற வேண்டும்.