களை என்னும் சொல்லும் பனிநாட்டுத் தோட்டமும்

களை என்பது ஒரு செடியின் குலப்பெயரன்று. களைதல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். வேண்டாவென்று நாம் களைவது எதுவோ அதுவே களை. நெல்வயலிடை முளைத்த நறுமலர்ச் செடியும் உழவனுக்குக் களையே. ஆகவே, ஒன்றைக் களையென்று சொல்லுங்கால் நாம் அதன் இயல்பைக் கூறுகின்றோமில்லை. நம் கருத்தையே கூறுகின்றோம். இச்சிறு உண்மையை மறந்தமையால் விளைந்த கேட்டினைப் பனிநாடாகிய கனடாவிற் காணலாம். நம்மவர் பல்லாயிரவர் அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் வீடும் வளவும் உடையராய் வாழ்தலின், இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

அம்மாகாணத்தில் ‘மில்க்வீட்’ என்றொரு செடி உண்டு. பாலுடைய களை என்பது அதன் பொருள். பெயரிலேயே பழி ஏறிவிட்டது. இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும். காய் வெடித்தால் பட்டனைய பஞ்சினைப் பற்றி வித்துக்கள் பறக்கும். இவ்வளவிற் கேட்டதும் நம்மவர் எருக்கு என்பர். அது பெரிதும் பொருந்தும். எருக்கும் அதுவும் ஒரே தாவரக் குடும்பத்தன. தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயசு 1753இல் அதனைச் சிரியா நாட்டதென மயங்கி அந்நாட்டின் பெயரையே சூட்டினார். உண்மையில் அது வட அமெரிக்க மண்ணுக்கே உரியது. அதனைப் பனியெருக்கு என வழங்குதல் தகும்.

பனிக்காலத்தே அதன் தண்டும் இலையும் மடிந்துபோம். நிலத்தின் கீழுள்ள கிழங்கு மடிவதில்லை. மேலே மூடிய பனி, கடுங்குளிர் மண்ணுட் புகாதவாறு கம்பளிபோற் காக்கும். அதன் வித்தோ பல கிழமை குளிரிற் கிடந்தாலன்றிச் செவ்வனே முளைக்காது. பிற செடிகளைக் கொல்லும் குளிரே இதற்குச் செவிலித்தாய்.

இச்செடியை நம்பி வாழ்வது மொனார்க் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இவ்வினச் செடிகளின் இலையையன்றிப் பிறிதொன்றையும் உண்ணாது. பாலிலுள்ள நஞ்சைத் தன் உடம்பிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை வெறுக்கும். நம் ஊரில் எருக்கிலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சியும் இதன் இனமே. கோடையிற் பிறக்கும் மொனார்க்குகள் சில கிழமைகளே வாழும். இலையுதிர்காலத்துக்கு முன்னர்ப் பிறக்கும் தலைமுறையோ ஏறக்குறைய எட்டுத் திங்கள் வாழ்ந்து, 4000 கிலோமீற்றர் அளவு தெற்கே பறந்து, மெக்சிக்கோ நாட்டு மலைக்காடுகளில் பனிக்காலத்தைக் கழிக்கும். ரொறன்ரோப் பேராசிரியர் பிரெட் உர்குகாட்டும் அவர் மனைவியார் நோராவும் பல்லாண்டுகளாகப் பூச்சிகளின் சிறகில் அடையாளச் சீட்டு ஒட்டி நடத்திய ஆராய்ச்சியின் பயனாகவே, 1975 சனவரியில் அவ்விடம் ஆராய்ச்சியாளர் அறியக் கிடைத்தது.

இத்தகைய செடியை ஒன்ராறியோச் சட்டம் நெடுங்காலம் தீங்குடைய களைகளின் அட்டவணையில் வைத்திருந்தது. அதனை உண்ணும் கால்நடைக்கு நஞ்சேறும் என்பது காரணம். அக்காரணத்தைப் பொய்யென்று கூறேம். ஆயின், மேய்ச்சல் நிலத்துக்குச் சொன்ன விதியை முற்றத்துக்கும் சொல்லலாமோ? இரண்டாம் உலகப் போரில், சாவகத்து இலவம்பஞ்சு வரும் வழி அடைபட்டபோது, கடற்படையினரின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இட இக்களையின் பஞ்சையே வட அமெரிக்கச் சிறுவர் பொறுக்கிக் கொடுத்தனர். போர் முடிந்ததும் பஞ்சு மறக்கப்பட்டது, பழி நின்றது. 1990களின் பிற்பகுதி தொட்டு, ஐக்கிய அமெரிக்காவின் சோளம், சோயா வயல்களிற் களைகொல்லி மிகப் பரவப் பனியெருக்கு அங்கே அருகியது. 2014இல் ஒன்ராறியோ இதனை அட்டவணையினின்று நீக்கியது. 2022இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இடம்பெயரும் மொனார்க்கை அழிவாபத்துடைய உயிராக அறிவித்தது. 2023இல் அதனைச் சற்றே தளர்த்தி, பாதிப்புறும் உயிர்களுள் வைத்தது. இன்னொன்றும் கருதத்தக்கது. 1996இல், வளவில் இயற்கைச் செடிகளை வளரவிட்ட ரொறன்ரோவாசி ஒருவரின் வழக்கில், மிகுந்து வளர்ந்த புல்லையும் களையையும் தடுத்த நகரசபை விதி செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. விதியின் சொற்கள் தெளிவற்றன என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. சொல்லாராய்ச்சி பண்டிதர்க்கு மட்டும் உரியதன்று.

முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்தல் நம் குலவழக்கு. பாம்பும் பூரானும் திரியும் நம் நாட்டுக்கு அது தக்கதே. பனிநாட்டில் அதனை அவ்வாறே கைக்கொள்ளுதல் தகாது. அங்கே உதிர்ந்த இலைக்குள் அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் துயிலும். உலர்ந்த தண்டின் துளைக்குள் சிறு தேனீக்கள் ஒடுங்கும். எக்கினேசியாப் பூவின் காய்ந்த தலையிலிருந்து குருவிகள் பனிக்காலத்தும் வித்துப் பொறுக்கும். இலையுதிர்காலத்தில் யாவற்றையும் வெட்டி வாரிப் பையிற் கட்டி வீதியில் வைப்பவர், குப்பையை அகற்றுவதாக எண்ணி அடுத்த ஆண்டின் உயிர்களை அகற்றுகின்றனர். இளவேனில் வந்து வெயில் ஏறும்வரை பொறுத்தாற் கேடொன்றுமில்லை.

பனியெருக்கு வேரோடிப் பரவி அயலார் வேலியைக் கடக்குமே எனின், அது மெய்யே. இடஞ்சிறியார், பரவாது ஒரே புதராய் நிற்கும் ஈரநிலத்து வகையையோ, செம்மஞ்சட் பூப்பூக்கும் வகையையோ நடலாம். பால் கண்ணிற் படாமற் கைகழுவுதல் வேண்டும். எருக்கைத் தொட்டறிந்தவர்க்கு இது புதிதன்று.

நம்மவர் அங்கே முருங்கையையும் கறிவேப்பிலையையும் சட்டியில் வைத்து, பனிக்காலத்தில் வீட்டினுள்ளே தூக்கிக் குழந்தைபோற் பேணுகின்றனர். தாய்மண்ணிற் கொண்ட அன்பு அது; குறைகூறோம். ஆயின், தமக்கு இடந்தந்த மண்ணுக்கும் வளவில் ஒரு மூலையைக் கொடுத்தல் முறையன்றோ? எருக்கம்பூவாயினும் தெய்வம் வேண்டேம் என்னாது எனக் கபிலர் புறநானூற்றிற் கூறினார். தெய்வம் வேண்டாவென்னாததை மனிதர் களையென்று பிடுங்குதல் அழகன்று.