பாலத்தில் எழுத வேண்டிய எண்

விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தின் எண் 452. ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போன மறுநாள், 2024 டிசம்பர் 2-ஆம் தேதி, அந்தப் பாலத்தடியில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. உடனே ரயில்களை நிறுத்தினார்கள். தென்மாவட்ட ரயில்கள் சில ரத்தாயின, சில வேறு வழியில் திருப்பி விடப்பட்டன. பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் ஓர் உயிர்கூடப் பாலத்தில் போகவில்லை. அன்று அந்த முடிவுக்கு ஆலோசனைக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ரயில் பாலங்களின் தூணிலோ கரைச் சுவரிலோ பெயிண்டில் கோடு போட்டு, இதுவரை வந்த உச்ச வெள்ளம் இது, அபாய அளவு இது என்று குறித்திருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ரோந்து போகும் கடைநிலை ஊழியருக்கும் தெரியும்.

நம் சாலைப் பாலங்களுக்கு அருகில் நிற்கும் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர், தேதி எல்லாம் இருக்கும். எத்தனை கன அடி வெள்ளத்தைத் தாங்கும் என்ற கணக்கில் அந்தப் பாலம் கட்டப்பட்டது என்பது மட்டும் இருக்காது. ஒரு பாலத்தைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டிய முதல் எண் அதுதான். அந்த எண் எப்போது வெளியே வருகிறது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு உயர்மட்டப் பாலமே சாட்சி. தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி திறந்தார்கள். மூன்றே மாதத்தில், அதே ஃபெஞ்சல் வெள்ளத்தில், அது அடித்துச் செல்லப்பட்டது. அதன் பிறகு அரசு விளக்கம் சொன்னது: சுமார் 54,000 கன அடிக்குத்தான் பாலம் வடிவமைக்கப்பட்டது, வந்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் மேலே சாத்தனூர் அணை இருக்கிறது. பெருமழையில் அந்த அணையிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டி வரும் என்பது துறைகளுக்குத் தெரியாத செய்தியா? 54,000 என்ற எண்ணை டெண்டருக்கு முன்பே இரு கரை ஊர்களிலும் வாசித்திருந்தால், அணை திறந்தால் என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

இது ஒரு பாலத்தோடு நின்றுவிட்ட விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை இணைத்துத் தளவானூரில் சுமார் 25 கோடியில் கட்டிய தடுப்பணை, கட்டி முடித்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் உடைந்தது. அதே நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் போனது. ஆட்சிகள் மாறின, கணக்கு கேட்கும் முறை மாறவில்லை. மதிப்பீடு போடுவதும், டெண்டர் விடுவதும், வேலையை மேற்பார்வை செய்வதும், அளந்து பணம் கொடுப்பதும், இடிந்தால் விசாரிப்பதும் ஒரே துறைதான். அந்த விசாரணை அறிக்கையும் ஊர் பார்வைக்கு வருவதில்லை. ரயில்வேயில் நிலைமை வேறு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய பாலத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதித்தார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குபவர். திட்டமிட்டதிலிருந்தே குறைகள் இருப்பதாக 2024 நவம்பரில் அவர் அறிக்கை எழுதினார். அது பத்திரிகைகளில் வந்தது, விவாதமானது, பதில் சொல்லக் குழு அமைக்க வேண்டிய கட்டாயம் ரயில்வேக்கு ஏற்பட்டது. தூக்குப் பாலப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டர், மற்ற பகுதியில் 75 என்று வேகமும் வரையறுக்கப்பட்டது. பிறகுதான் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. சாலைப் பாலங்களுக்கும் இப்படித் துறைக்கு வெளியே ஒரு கண் வேண்டும்.

பாலத்தின் கணக்கு பொறியாளர்கள் சமாச்சாரம், ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கம்பி எத்தனை மில்லிமீட்டர், கான்கிரீட் என்ன கலவை என்று ஊர் சொல்ல வேண்டியதில்லை. எந்த வருஷத்து வெள்ளம் எந்தத் தெருவரை ஏறியது, ஆறு எந்தப் பக்கக் கரையை அரிக்கிறது, மணல் அள்ளிய பிறகு எங்கே பள்ளம் விழுந்தது, ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் எந்த வாய்க்காலில் வரும் என்பதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்குத்தான் அத்துப்படி. குஜராத்தில் 1985-இல் திறந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9-ஆம் தேதி இடிந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாலம் ஆடுகிறது என்று மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் 2022-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பொறியாளர் என்பதற்காக அல்ல, பாலம் ஆடுவதைப் பார்த்தவர் என்பதற்காகவே அந்தக் கடிதத்தை மதித்திருக்க வேண்டும்.

ஊரைக் கேட்டால் வேலை இழுத்தடிக்கும் என்ற கவலையை அப்படியே தள்ளிவிட முடியாது. பாலம் இல்லாத ஒவ்வொரு மழைக்காலமும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்கும் எத்தனை கொடுமை என்பதை ஆற்றங்கரை ஊர்கள் அறியும். ஆனால் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இடிந்து 13 பேர் இறந்தபோது, மாற்றுப் பாலத்தை 2008 செப்டம்பர் 18-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வேலை நடந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் பொறியாளர்கள் பாலம் கட்டும் இடத்துக்கே வந்து, கூடி நின்ற மக்களுக்கு நடக்கும் வேலையை விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பழைய பாலம் ஏன் விழுந்தது என்பதையும் தனி வாரியம் விசாரித்து, இரும்புச் சட்டங்களை இணைத்த தகடுகள் வடிவமைப்பிலேயே போதிய தடிமன் இல்லாதவை என்று பகிரங்கமாக எழுதியது. பணவசதி அங்கே அதிகம்தான். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் மக்கள் முன்னால் நின்று பதில் சொல்ல எந்தப் பட்ஜெட்டும் தேவையில்லை.

இயற்கை சீறும்போது எந்தப் பாலம் நிற்கும் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. எல்லா வெள்ளத்தையும் தாங்கும் பாலம் கட்ட முடியாது. அதற்கு அரசிடம் பணமும் இல்லை. எவ்வளவு வெள்ளத்துக்குக் கட்டுவது என்பது அதனால்தான் வெறும் பொறியியல் கணக்காக இருந்துவிடக் கூடாது. எவ்வளவு ஆபத்தை ஊர் ஏற்றுக்கொள்கிறது, அந்த அளவைத் தாண்டினால் யார் பாலத்தை மூடுவார், எந்த மாற்றுப்பாதை திறந்திருக்கும் என்ற முடிவுகள் அதில் அடங்கியிருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. அதே 2024 டிசம்பர் வெள்ளத்தின்போது விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் மக்கள் சாலையை மறித்தார்கள், பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அந்தச் செயலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு முன்பு கேள்வி கேட்க இடமில்லாத ஊர், வெள்ளத்துக்குப் பின்பு சாலையில்தான் கேட்கும்.

ஆனால் சாலைக்கு வராமலே கேட்கவும் ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தென்பெண்ணை, மலட்டாறு, வராக நதிக் கரைகளில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: எங்கள் ஊரில் புதிதாகக் கட்டும் பாலம் எத்தனை கன அடிக்கு வடிவமைக்கப்படுகிறது என்பதை டெண்டருக்கு முன்பு எங்களிடம் சொல்ல வேண்டும், கட்டிய பின் அதைத் தூணில் எழுத வேண்டும், இடிந்தால் விசாரணை அறிக்கையை இதே சபையில் வைக்க வேண்டும். தீர்மான நகலில் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.