யாருடைய ஆயுள்?

தமிழ் வாத்தியாருக்கும் சொகுசு வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சம்பந்தமும் இல்லைதான். என்னிடம் இருப்பது பதினோரு வருடப் பழைய ஸ்கூட்டர். ஆனால் ஒரு சொல், தனக்குரிய பொருளை விட்டு வேறெங்கோ போய் நிற்கிறது என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல் 'ஆயுள்'.

விலையுயர்ந்த எஸ்யூவிகள் பலவற்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றப்படும் ஆயிலை 'ஆயுள் முழுவதற்குமானது' என்று வண்டிக் கம்பெனிகள் சொல்லிவந்திருக்கின்றன. மாற்றவே வேண்டாமாம். பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ரேஞ்ச் ரோவர் முதலிய வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மானிய நிறுவனம் இசட்.எஃப். அந்த நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றிவிடுங்கள் என்கிறது. செய்தவன் ஒன்று சொல்கிறான், விற்பவன் வேறொன்று சொல்கிறான். எனில், விற்பவன் சொல்லும் ஆயுள் யாருடையது? வண்டியினுடையதா, அதை முதலில் வாங்கியவர் வைத்திருக்கப்போகும் நாலைந்து வருடத்தினுடையதா?

இக்கேள்வி எனக்குள் எழுந்ததற்குக் காரணம் என் சக ஆசிரியர் ஒருவர். பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் நினைவிருக்கலாம். அதன் விளைவாக அங்கிருந்து வெளி மாநிலங்களுக்கு மலிவாக வந்த பெரிய வண்டிகளில் ஒன்றை, வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, அவர் வாங்கினார். ஐரோப்பியத் தயாரிப்பு, பெயர் வேண்டாம். மீட்டரில் 1,10,000 கிலோமீட்டர். விலை, புதிதாக ஒரு சிறிய கார் வாங்கும் விலைதான். வாழ்நாள் ஆசை என்றார். அதில் பிழை காண நான் யார்? முதல் நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். குளத்தில் படகு போவதுபோல் போயிற்று.

ஏழாவது மாதம் ஒரு காலையில் வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது.

அந்த மிதக்கும் சுகத்தைத் தருவது ஏர் சஸ்பென்ஷன். இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. ரப்பர் வெயிலிலும் தூசியிலும் காலப்போக்கில் வெடிக்கும், காற்றுக் கசியும். முதலில் மிகச் சிறிய கசிவு. ஓட்டுபவருக்குத் தெரியாது, ஆனால் கம்ப்ரஸருக்குத் தெரியும். இழந்த காற்றை ஈடுகட்ட அது ஓயாமல் ஓடி, ஒருநாள் தானும் எரிந்துபோகும். ஒரு பையின் கிழிசலில் தொடங்கியது இரண்டு பழுதாகக் கணக்கில் ஏறும். நண்பருக்கு வந்த மதிப்பீடு அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

தனிப்பட்ட துரதிருஷ்டம் என்று இதை ஒதுக்கிவிடலாகாது. போர்ஷே கயென் வண்டியின் முதல் தலைமுறை வி8 என்ஜினில், சூடு மிகுந்த இடமான என்ஜினின் நடுப்பள்ளத்தில், குளிர்நீர் செல்லும் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அவை அப்பளம்போல் நொறுங்கின. பின்னர் அலுமினியக் குழாய்கள் வந்தன. அலுமினியம் என்ற உலோகம் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டதா என்ன?

இத்தகைய வண்டிகளின் பூர்வீகம் இப்படி இல்லை. 1970-இல் பிரிட்டனில் வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரில் வினைல் இருக்கைகளும் ரப்பர் விரிப்பும்தான். சேற்றோடு வீடு திரும்பினால் உள்ளே தண்ணீர்க் குழாயை நீட்டிக் கழுவிவிடலாம். தோலும் மரப்பலகையும் காற்றுப்பையும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தவை. உழவு மாட்டுக்குப் பட்டுச் சால்வை போர்த்திய கதை. மாடு உழைக்கும், சால்வைதான் கிழியும்.

சொகுசும் நீடிப்பும் சேர்ந்தே இருக்க முடியாதா என்றால், முடியும் என்பதற்கு ஜப்பானில் சான்று உண்டு. 1998 முதல் 2007 வரை விற்பனையான லெக்ஸஸ் எல்எக்ஸ் 470 உள்ளுக்குள் டொயோட்டா லேண்ட் குரூசர்தான். வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட 4.7 லிட்டர் வி8 என்ஜின். அதன் டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1,45,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். அதில் ஆயுள் என்ற பசப்பு இல்லை. மாற்றியவர்கள் நாலைந்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார்கள். அமெரிக்காவில் ஐசீகார்ஸ் என்ற நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெடுந்தூர வண்டிகளின் பட்டியலில் முதல் இரண்டு இடங்களும் டொயோட்டாவின் செக்வோயா, லேண்ட் குரூசர் வண்டிகளுக்கே. ஆனாலும் அந்த லெக்ஸஸிலும் உயரத்தை ஏற்றி இறக்கும் திரவ சஸ்பென்ஷன்தான் முதலில் தளரும் உறுப்புகளில் ஒன்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ஃப் என்பவரின் வண்டி. மெர்சிடிஸ் 300 ஜிடி, நீல நிறம், பெயர் ஓட்டோ. லுஃப்தான்சா விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். 1988-இன் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டவர், மனைவி கிறிஸ்டீனுடன் நாடு நாடாகச் சுற்றினார். பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே உறக்கம். 2010-இல் கிறிஸ்டீன் காலமான பிறகும் பயணம் நிற்கவில்லை. 2014-இல் அது முடிந்தபோது ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின், சக்தி வெறும் 88 குதிரைத்திறன். இன்று அதே சதுர முகத்தோடு செல்வந்தர் வீட்டு வாசல்களில் நிற்கும் ஜி63 வண்டிக்கு 500-க்கும் மேல்.

ஓட்டோவில் சொகுசு ஏது என்று கேட்பீர்கள். உண்மை, இல்லை. ஆனால் அந்த வண்டி ஓடியதற்கு எளிமை மட்டும் காரணம் அன்று. ஹோல்டார்ஃப் உதிரிபாகங்களை உள்ளேயே சுமந்து திரிந்தார்; பெரும்பாலான பராமரிப்பைத் தம் கையால் செய்தார். இருபத்தாறு வருடமும் ஒரே உரிமையாளர். தாம் இன்று தள்ளிப்போடும் வேலை நாளை தம் தலையிலேயே விழும் என்று அறிந்தவர். நான்காம் வருடம் கைமாற்றிவிடப் போகிறவருக்கு அந்தப் பயம் எதற்கு? ஆயில் மாற்ற வேண்டாம் என்றால் அவருக்குச் செலவு மிச்சம், கம்பெனிக்குப் பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம். கணக்கு முழுவதும் மூன்றாம் கைக்குப் போகிறது. அந்த மூன்றாம் கை பெரும்பாலும் என் நண்பரைப் போன்ற சம்பளக்காரருடையது.

வண்டியில் நுட்பங்கள் கூடக்கூடப் பழுதும் கூடும் என்பது இயல்பு. அதற்காகக் கம்பெனிகளைக் குறைசொல்ல மாட்டேன். உறுப்பு தளரும் என்று தெரிந்தும் தளராது என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மீட்டரையும் நான் நம்புவதில்லை. திருப்பி வைப்பது எளிது. ஏட்டுச்சுவடி பார்ப்பவர்கள் ஏடெழுதியவனின் பிற்காலக் கைவரிசையை எழுத்து வடிவத்தில் கண்டுபிடிப்பதுபோல இதிலும் வேறு தடயங்களைப் பார்க்க வேண்டும்: பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானம், ஸ்டியரிங் தோலின் மினுமினுப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம். நண்பரின் வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுவென்று இருந்ததை நானே பார்த்தேன். அன்று வாயைத் திறக்கவில்லை. அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்தக் குற்றவுணர்வும் இதை எழுதக் காரணம்.

சென்ற வாரம் அவரே வந்தார். தரகர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறாராம்: மலிவான பைகளை மாட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் விற்றுவிடலாம் என்று.

"என்னிடமும் அப்படித்தானே சார் விற்றார்கள்?" என்றார்.

"வாங்கப்போகிறவரிடம் சொல்லிவிட்டு விற்றால் என்ன சார்?" என்றேன்.

"சொன்னால் யார் வாங்குவார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினாரா என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர், அது ஆயுள் முழுவதற்குமானது என்று கையேட்டில் போட்டிருப்பதாகச் சொன்னார். வண்டி இன்னும் அவர் வீட்டு வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நிற்கிறது.