டெட்லிஃப்ட்டுக்கு எந்தக் கிழமை?

திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால். நம்மூர் ஜிம்கள் பலவற்றில் வாராந்தர அட்டவணை ஏறத்தாழ இப்படித்தான் ஓடுகிறது. டெட்லிஃப்ட்டை எந்த நாளில் போடுவது என்று கேட்டால், யோசிக்காமல் 'பேக் டே' என்று சொல்லிவிடுவார் மாஸ்டர். பதில் தவறில்லை; அதற்கு அடுத்த நாள்தான் தவறு.

தரையில் கிடக்கும் பார்பெல்லைப் பிடித்து நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். பார்ப்பதற்கு முதுகுப் பயிற்சி போலிருக்கும். ஆனால் எடையைத் தரையிலிருந்து கிளப்புவதில் பெரும்பங்கு தொடைக்கும் புட்டத் தசைக்கும் உண்டு. தண்டுவடத்தை ஒட்டி ஓடும் தசைகள், முதுகு வளைந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. மறுநாள் ஸ்குவாட் செய்ய பாரைத் தோளில் ஏற்றியதும் அதே தசைகளுக்குத்தான் மறுபடி வேலை. செவ்வாய் மாலை களைத்துப்போனவை புதன் மாலைக்குள் தேறியிருக்குமா? தேறாவிட்டால் எடை ஏறாது, அல்லது அடியில் போகும்போது முதுகு கூனும். பையனோ, புரோட்டீன் போதவில்லை என்று அடுத்த டப்பா வாங்கப் போவான்.

வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புதிரல்ல. 8 முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ரோனி கோல்மன், 800 பவுண்டை (சுமார் 363 கிலோ) முதுகுப் பயிற்சி நாளில் 2 முறை தூக்கிய காணொளி உலகெங்கும் ஜிம்காரர்களுக்கு மனப்பாடம். உடம்பைத் தசை தசையாகப் பிரித்துப் பார்க்கும் பாடிபில்டிங்கில் அது பொருந்துகிறது. ஆனால் காலை ஷிஃப்ட் முடித்து, ஒரு மணி நேரம் பைக் ஓட்டி ஜிம்முக்கு வருபவர் கோல்மன் அல்லவே.

டெட்லிஃப்ட்டையே போட்டியாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம். 1991இல் சுமார் 100 கிலோ உடல் எடையோடு 901 பவுண்டு தூக்கிய எட் கோன், டெட்லிஃப்ட் பயிற்சி எடுத்தது வாரம் ஒருமுறைதான். ஜிம் வெண்ட்லர் வகுத்த 5/3/1 முறையில் வாரத்துக்கு 4 நாள் பயிற்சி: திங்கள் ஓவர்ஹெட் பிரஸ், செவ்வாய் டெட்லிஃப்ட், வியாழன் பெஞ்ச் பிரஸ், வெள்ளி ஸ்குவாட். முதுகைச் சோதிக்கும் இரண்டுக்கும் நடுவே முழுதாக 2 நாள் கிடைக்கிறது.

பயிற்சியாளர் மார்க் ரிப்பிடோவின் வழி இதற்கு நேர் எதிர். புதியவர்களுக்கு அவர் ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் ஒரே நாளில் வைக்கிறார். ஆனால் ஸ்குவாட்டுக்கு 5 ரெப்ஸ் வீதம் 3 செட் என்றால், டெட்லிஃப்ட்டுக்கு வார்ம்-அப் போக ஒரே ஒரு செட், 5 ரெப்ஸ். அவ்வளவுதான். தள்ளி வைத்தாலும் சரி, சேர்த்து வைத்தாலும் சரி. அடுத்தடுத்த நாளில் மட்டும் இரண்டையும் கனமாகச் செய்யக் கூடாது என்பதே இவற்றிலிருந்து தேறுகிறது.

ஜிம்காரர்கள் 'புஷ், புல், லெக்ஸ்' என்று சொல்லும் 3 நாள் சுற்றிலும் இதே கோளாறு ஒளிந்திருக்கிறது. 'புல்' நாளில் டெட்லிஃப்ட், விடிந்தால் கால் நாள். 'புல்'லையும் 'புஷ்'ஷையும் இடம் மாற்றினாலே நடுவில் ஒரு நாள் கிடைத்துவிடும். வாரம் 6 நாள் வருபவர்களுக்கு அதுவும் போதாது; கால் நாளுக்கு மறுநாளே மீண்டும் 'புல்' வந்துவிடும். அவர்கள் டெட்லிஃப்ட்டை ஒரு கால் நாளில் ஸ்குவாட்டுக்குப் பின் வைத்து, இரண்டாவது கால் நாளில் எடை குறைத்து ருமேனியன் டெட்லிஃப்ட் செய்யலாம். குனிந்து நின்று செய்யும் பார்பெல் ரோவும் அடிமுதுகைத்தான் பிடிக்கும். அதனால் அந்த வாரத்து 'புல்' நாளுக்கு உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ போதும்.

இதைச் சொன்னால் மாஸ்டர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். டெட்லிஃப்ட் இல்லாத பேக் டேயா என்பார்கள். புல்-அப்ஸும் கேபிள் ரோவும் ஒழுங்காகச் செய்தவருக்கு மறுநாள் சட்டை போடக் கையைத் தூக்கும்போதே விடை தெரிந்துவிடும்.