காப்பாளர் போட்ட கையெழுத்து

கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுக்கக்கூடிய நோய். சிறு வயதில் எச்.பி.வி. தடுப்பூசி, முப்பது வயதைக் கடந்தபின் பரிசோதனை, இரண்டும் கிடைத்தால் பெரும்பாலான சாவுகளைத் தவிர்க்கலாம். ஆனாலும் 2022இல் உலகெங்கும் சுமார் 3,50,000 பெண்கள் இந்நோய்க்குப் பலியானார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஏழை நாட்டால் முடியாது என்பது பொய். ருவாண்டா 2011இல் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி, முதல் ஆண்டிலேயே இலக்கு வைத்த சிறுமிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோருக்குப் போட்டு முடித்தது. மருந்து நன்கொடையாக வந்தது உண்மைதான். ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் பள்ளி ஆசிரியர்களும் கிராம சுகாதாரப் பணியாளர்களும்.

இங்கே நடந்தது வேறு. 2009இல் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். துணையோடு, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இதே தடுப்பூசியைச் செலுத்தியது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஆந்திரத்தில் சரிபார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்கிறது 2013ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை. பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசி அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

பொதுச் சுகாதாரம் குறித்து ஆய்வு செய்யும் எனக்கு இந்த விவாதத்தில் இரண்டு குரல்கள்தான் அதிகம் கேட்கின்றன. ஒன்று, தடுப்பூசியே சதி என்கிறது. மற்றொன்று, கேள்வி கேட்டவர்களால்தான் தடுப்பூசி தாமதமானது என்கிறது. இரண்டிலும் அந்தச் சிறுமிகள் இல்லை. தடுப்பூசி நல்லது என்பதால் ஒப்புதல் தேவையற்றதாகிவிடாது. ஒப்புதல் மீறப்பட்டது என்பதால் தடுப்பூசி நஞ்சாகிவிடாது. நகரத்துத் தனியார் பள்ளியில் படிக்கும் உயர்சாதி மாணவிக்குப் பெற்றோரைக் கேட்காமல் ஊசி போட எந்த நிறுவனமாவது துணிந்திருக்குமா?

அதே 2010 தடையால் இந்தியாவில் நடந்த வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. அதில் ஒரு தவணை மட்டுமே பெற்ற ஏறத்தாழ 5,000 சிறுமிகளைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, ஒரு தவணையே நல்ல பாதுகாப்புத் தருவது தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை போதும் என ஏற்றதற்கு இதுவும் சான்று. இந்தியச் சிறுமிகளின் உடல் உலகத்துக்கு அறிவைத் தந்தது. அந்த அறிவின் பலன் முதலில் சேர வேண்டியது யாருக்கு?

அவர்களின் தாய்மார்களுக்கும் கடன் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் பத்தில் ஒருவரைத் தாண்டவில்லை. இத்தனைக்கும், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிச் செய்யும் எளிய பரிசோதனையே சாவுகளைக் கணிசமாகக் குறைக்கும் என்று நிறுவிய ஆய்வு நடந்தது நம் திண்டுக்கல் மாவட்டத்தில். ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வர முடியாதவளிடம் பரிசோதனைதான் போக வேண்டும், சேரிக்கும் மலைக்கும்.

எனவே, தோழர்களே, ஆதிதிராவிடர் நல விடுதிக்கோ பழங்குடியினர் பள்ளிக்கோ தடுப்பூசி வரும்போது அதை வரவேற்போம். கூடவே மூன்றைக் கேட்போம்: பெற்றோருக்கு அவர்கள் மொழியில் விளக்கினீர்களா? ஊசிக்குப் பின் உடல்நலக் குறைவு வந்தால் கவனிப்பது யார்? படிவத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து?